ஹபூலா: ஒரு சொல்லின் வரலாறு

பொழுது புலரும் வேளை. இரவு முழுதும் உண்ணாமலும் உறங்காமலும் கழித்த பேரரசன் ஒருவன், சிங்கங்கள் அடைக்கப்பட்ட குழியை நோக்கி விரைகின்றான். குழியின் வாயில் ஒரு கல். அக்கல்லின்மீது அவனுடைய முத்திரை. முந்திய நாள் மாலையில், தன் அவையிலே தலைசிறந்து விளங்கிய ஒரு முதியவரை, தானே கையொப்பமிட்ட சட்டத்தின் பெயரால் அவன் அக்குழிக்குள் போடச் செய்திருந்தான். இப்போது துயரந்தோய்ந்த குரலில் அவர் பெயரைச் சொல்லி அழைக்கின்றான்.

உள்ளிருந்து மறுமொழி வருகின்றது. இறைவன் தன் வானவரை அனுப்பிச் சிங்கங்களின் வாயை அடைத்துவிட்டான் என்கிறார் அப்பெரியவர். அதற்குக் காரணமும் சொல்கிறார். இறைவனுடைய திருமுன் தம்மிடத்தில் தூய்மை காணப்பட்டது. அரசனுக்கு எதிராகவும் தாம் எந்த 'ஹபூலா'வும் செய்ததில்லை.

அப்பெரியவர் தானியால் (அலை). தமிழ் பைபிளில் அவர் பெயர் தானியேல் என்று வழங்கும். இந்த நிகழ்ச்சி அவர் பெயரால் அமைந்த ஆகமத்தின் ஆறாம் அதிகாரத்தில் உள்ளது. அவர் வாயில் வந்த 'ஹபூலா' என்னும் அரமேயச் சொல், பைபிளின் அரமேயப் பகுதிகள் அனைத்திலும் இந்த ஓரிடத்தில் மட்டுமே வருகின்றது. குற்றம், அநீதி, கேடு என்றெல்லாம் அதற்குப் பொருள் கூறுவர். ஆயினும் அச்சொல்லின் வேரைத் தோண்டிப் பார்த்தால், ஒரு பக்கம் பாபிலோனின் பழைய நீதிக் கல்வெட்டையும், மறுபக்கம் நம் திருமறையின் இரண்டு வசனங்களையும் அது தொட்டு நிற்பதைக் காணலாம். குற்றம் என்பதை மனிதன் எதைக்கொண்டு அளந்தான் என்ற வினாவுக்கும் அங்கே ஒரு விடை கிடைக்கின்றது.

அரமேயம் என்னும் மொழி

பழைய ஏற்பாடு எனப்படும் நூல்தொகுதி பெரும்பாலும் ஹீப்ரு மொழியில் அமைந்தது. எனினும் தானியேல் ஆகமத்தின் இரண்டாம் அதிகாரம் நான்காம் வசனத்தின் இடையிலிருந்து ஏழாம் அதிகாரத்தின் இறுதிவரையும், எஸ்றா ஆகமத்தின் சில பகுதிகளும், எரேமியா ஆகமத்தில் ஒரு வசனமும் அரமேய மொழியில் உள்ளன. ஆதியாகமத்தில் இரண்டே சொற்கள் உண்டு. இவற்றின் மொழியையே அறிஞர் 'பைபிள் அரமேயம்' என்பர்.

அரமேயம் நமக்கு அந்நியமான மொழியன்று. அரபு நூல்கள் 'ஸுர்யானி' என்று குறிப்பிடுவது இம்மொழியின் பிற்கால வடிவத்தையே. ஸுர்யானி மொழியைக் கற்றுக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள் என்றும், அவர் மிகக் குறுகிய நாட்களில் அதைக் கற்றுத் தேர்ந்தார் என்றும் திர்மிதீயில் காண்கிறோம். பாரசீகப் பேரரசின் காலத்தில், கி.மு. ஆறாம் நூற்றாண்டு முதல் நான்காம் நூற்றாண்டு வரை, நைல் நதி தொடங்கிச் சிந்து நதி வரையிலும் அரசாங்க எழுத்து மொழியாக நிலவியது அரமேயம். அப்பேரரசு வீழ்ந்த பின்பும் அதன் செல்வாக்கு மறையவில்லை. கந்தஹாரில் 1958-இல் கண்டெடுக்கப்பட்ட அசோகரின் கல்வெட்டு கிரேக்கத்திலும் அரமேயத்திலும் பொறிக்கப்பட்டுள்ளது. ஹிஜ்ர் என்று திருமறை குறிப்பிடும் மதாயின் ஸாலிஹில் நபத்தியர் குடைந்த கல்லறைகளின் முகப்புகளில் இருப்பதும் அரமேய எழுத்தே. இன்று நாம் ஓதும் அரபு எழுத்து அந்த நபத்திய எழுத்தின் வழித்தோன்றல் என்பது ஆய்வாளர் பலரும் ஏற்றுக்கொண்ட முடிவு.

ஆகவே அரமேயமும் அரபும் ஒரு குடும்பத்துச் சகோதர மொழிகள். அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தவை. தானியால் (அலை) போடப்பட்ட குழிக்கு அரமேயத்தில் 'கோப்' என்று பெயர். யூஸுஃப் (அலை) அவர்களைச் சகோதரர்கள் போட்ட கிணற்றைத் திருமறை 'ஜுப்பு' என்கிறது. இரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்களே.

வழக்கின் விவரம்

ஹபூலாவின் பொருள் விளங்க வேண்டுமாயின், அது எந்த வழக்கில் சொல்லப்பட்டது என்பது தெரிய வேண்டும்.

தரியு என்னும் அரசன் தன் நாட்டை ஆள 120 அதிபதிகளையும், அவர்களுக்கு மேல் மூன்று தலைவர்களையும் நியமித்தான் என்று ஆகமம் தொடங்குகின்றது. அதிபதிகள் தலைவர்களிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். அரசனுக்கு இழப்பு ஏதும் நேராமல் காப்பது அத்தலைவர்களின் கடமை. அம்மூவருள் ஒருவர் தானியால் (அலை). அவருடைய மேம்பாட்டைக் கண்டு பொறாமை கொண்டவர்கள், அவருடைய நிர்வாகத்தில் ஒரு குறையேனும் அகப்படுமா என்று துருவித் துருவிப் பார்த்தனர். கையாடல் இல்லை, கவனக்குறைவும் இல்லை. இறுதியாக அவருடைய மார்க்கத்தையே கண்ணியாக ஆக்கினர். முப்பது நாள்வரை அரசனைத் தவிர வேறு எந்த மனிதனிடமோ தெய்வத்திடமோ வேண்டுதல் செய்பவன் சிங்கக் குழியில் போடப்படுவான் என்று ஒரு சட்டம் எழுதி, அரசனிடம் கையொப்பம் வாங்கினர். மேதியர், பாரசீகரின் சட்டம் ஒருமுறை எழுதப்பட்டால் மாற்றக்கூடாதது.

தானியால் (அலை) சட்டத்தை அறிந்தார். அறிந்த பின்னும் வீட்டுக்குச் சென்றார். பைத்துல் முகத்தஸின் திசையில் திறந்திருந்த பலகணியின் முன், நாள்தோறும் மூன்று வேளை செய்து வந்தபடியே முழங்காலிட்டு வணங்கினார். ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டுவரை முஸ்லிம்கள் முன்னோக்கித் தொழுத கிப்லாவும் அதே திசைதான் என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

ஆக, அவர் சட்டத்தை மீறினார் என்பதில் ஐயமில்லை. அதை அவர் மறுக்கவுமில்லை. மறுநாள் காலையில் குழிக்குள்ளிருந்து பேசும்போது, 'நான் உமது சட்டத்தை மீறவில்லை' என்று அவர் சொல்லவில்லை. 'உமக்கு எதிராக ஹபூலா செய்யவில்லை' என்றார். இந்த வேறுபாடே இக்கட்டுரையின் உயிர்நாடி.

பைபிள் அரமேயத்தில் குற்றத்தைக் குறிக்க வேறு சொற்கள் இல்லாமலில்லை. 'ஹதாய்' என்பது பாவம்; இலக்குத் தவறுதல் என்ற கருத்திலிருந்து வந்தது. அரபியில் நாம் அறிந்த 'ஃகதீஆ'வின் உடன்பிறப்பு. 'ஷாலூ' என்பது கடமையில் சோர்வு, கவனக்குறைவு. 'ஷிஹீதா' என்பது கெட்டுப்போன நடத்தை. பின்னிரண்டு சொற்களும் தானியால் (அலை) அவர்களின் பகைவர்கள் தேடிப் பார்த்துக் காணாமற்போனவற்றின் பெயர்களாக இதே அதிகாரத்தில் வருகின்றன. ஆனால் அவர் தம் வாயால் தம்மைக் குறித்துப் பேசும்போது, இவற்றை விடுத்து ஹபூலா என்ற சொல்லைத் தேர்ந்தார்.

ஏன்? அடுத்தடுத்த இரண்டு வசனங்களை மூலமொழியில் படித்தால் காரணம் புலனாகும். சிங்கங்கள் எனக்குத் தீங்கு செய்யவில்லை என்கிறார். அங்கே வினைச்சொல் 'ஹப்பில்'. அரசனுக்கு நான் ஹபூலா செய்யவில்லை என்கிறார். பிறகு அவரை மேலே தூக்கி எடுத்தபோது அவர் உடலில் எந்த 'ஹபால்' உம் காணப்படவில்லை என்று ஆகமம் முடிக்கின்றது. மூன்றும் ஒரே வேர். 'ஹபால்' என்றால் காயம், சேதம், ஊறு. முழுமையாக இருந்த ஒன்று சிதைவதே அதன் அடிப்படைப் பொருள். ஆகவே ஹபூலா என்பது ஏட்டில் எழுதிய விதியை மீறுவதன்று. ஒருவருக்கு ஊறு விளைப்பது. ஊறு செய்யாதவருக்கு ஊறு நேரவில்லை என்பதே அந்த இரு வசனங்களின் சுருக்கம்.

அவருடைய மறுமொழியில் இன்னொரு சொல்லும் கவனத்துக்குரியது. இறைவனுடைய திருமுன் காணப்பட்டதாக அவர் சொன்ன தூய்மைக்கு மூலத்தில் 'ஸாகூ' என்று பெயர். ஸக்காத் என்ற சொல்லில் நாம் காணும் தூய்மைப் பொருள் இதே வேரிலிருந்து வருவது. இதே ஆகமத்தின் நான்காம் அதிகாரத்தில், தன் பாவங்களை அகற்றிக்கொள்ள வழி என்னவென்று நெபுகாத்நேச்சார் அரசனுக்கு அவர் அறிவுரை கூறும்போது, 'ஸித்கா' என்ற சொல்லைப் பயன்படுத்தி, அதனுடன் எளியோருக்கு இரங்குதலையும் சேர்த்துச் சொல்கிறார். ஸதக்கா நம் இல்லங்களில் அன்றாடம் வழங்கும் சொல். இறைவன் முன்னிலையில் தூய்மை, மனிதன் முன்னிலையில் தீங்கின்மை என இரண்டு கணக்குகளையும் தனித்தனியே ஒப்புவித்தார் தானியால் (அலை).

அரசர்களின் அகராதி

இதே வேர்ச்சொல்லை அரசர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதை எஸ்றா ஆகமம் காட்டுகின்றது. பைத்துல் முகத்தஸின் மதில்கள் மீண்டும் எழுந்தால் யூதர்கள் வரியும் தீர்வையும் செலுத்த மாட்டார்கள் என்று அவர்களுடைய எதிரிகள் பாரசீக அரசன் அர்தசஷ்டாவுக்கு எழுதினர். அரசன் வேலையை நிறுத்தச் சொல்லி மறுமொழி எழுதினான். அரசர்களுக்கு நட்டம் வரும்படி 'ஹபாலா' வளர்வானேன் என்பது அக்கடிதத்தின் கருத்து. அங்கே அச்சொல் கருவூலத்தின் இழப்பைக் குறிக்கின்றது.

அதே ஆகமத்தின் ஆறாம் அதிகாரத்தில், தரியு அரசனின் ஆணையில், இறையில்லத்தை அழிக்கக் கைநீட்டும் எவனையும் சபிக்கும் இடத்தில் அழித்தலைக் குறிக்க வருவதும் இதே வேர். ஆகவே, ஒரு சொல்லை யார் எடுத்து ஆள்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் முகம் மாறுகின்றது. ஒருவன் வாயில் அது வரி இழப்பு. மற்றொருவன் வாயில் ஆலயத்தின் அழிவு. தானியால் (அலை) அதை எடுத்து, அரசனின் முன்னிலையிலேயே அதற்கு நேர்மையான பொருளைக் கொடுத்தார். உமக்கு உண்மையாகவே நேர்ந்த கேடு என்ன, காட்டும் என்பதே அவர் கேளாமற் கேட்ட கேள்வி. அரசனிடம் விடையில்லை.

கேடு செய்தவர்கள் வேறு பக்கத்தில் இருந்தனர். அவர்களைக் குறிக்க ஆகமம் ஒரு விந்தையான தொடரைக் கையாள்கின்றது. தானியாலின் துண்டுகளைத் தின்றவர்கள் என்று அது அவர்களை அழைக்கின்றது. அவதூறு கூறுவதை அரமேயத்திலும், அதற்கு முன்பு பாபிலோனின் அக்காதிய மொழியிலும் இப்படித்தான் சொல்வர். புறம் பேசுவதை, இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பிட்டு அல்ஹுஜுராத் அத்தியாயம் எச்சரிப்பதை அறிந்தவர்களுக்கு இத்தொடர் விந்தையாகத் தோன்றாது.

கதையின் முடிவையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அவதூறு கூறியவர்களை அரசன் சிங்கக் குழியில் போடச் செய்தான்; அவர்களுடைய மனைவியரையும் பிள்ளைகளையும் சேர்த்தே போடச் செய்தான். அப்பிள்ளைகள் செய்த ஹபூலா என்ன? ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பது திருமறையின் சட்டம். பிள்ளைகளுக்காகத் தந்தையரும் தந்தையருக்காகப் பிள்ளைகளும் கொல்லப்படக்கூடாது என்பது தவ்ராத்தின் உபாகமத்திலும் உள்ள விதி. அரசன் தானியாலுக்கு நீதி செய்ததாக எண்ணிக்கொண்டு, அதே குழியில் ஒரு புதிய ஹபூலாவைச் செய்தான். சட்டத்தின் பெயரால் முந்திய நாள் செய்த தவற்றையே, நீதியின் பெயரால் மறுநாள் செய்தான்.

பாபிலோனின் கல்

இனி, இச்சொல் பிறந்த வீட்டுக்குச் செல்வோம்.

கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் பெயரை வரலாறு படித்தோர் அறிவர். 282 விதிகள் என்று கணக்கிடப்படும் அவனுடைய சட்டத் தொகுதி, இரண்டே கால் மீட்டர் உயரமுள்ள ஒரு கருங்கல் தூணில் பொறிக்கப்பட்டுள்ளது. அத்தூணின் முன்னுரையில், தெய்வங்கள் தன்னை எதற்காக அழைத்தன என்று ஹம்முராபி விளக்குகின்றான். வலியவன் எளியவனுக்குத் தீங்கிழைக்காதிருக்கும் பொருட்டு என்பது அக்காரணங்களுள் ஒன்று. முடிவுரையிலும் அதையே திரும்பக் கூறி, அநாதைப் பெண்ணுக்கும் கைம்பெண்ணுக்கும் நீதி கிடைக்கவேண்டும் என்பதையும் சேர்க்கின்றான். அங்கே தீங்கிழைத்தலைக் குறிக்க வரும் அக்காதியச் சொல் 'ஃகபாலு'. அதே வேரில் பிறந்த 'ஃகிபில்து' என்ற பெயர்ச்சொல் இழைக்கப்பட்ட அநீதியைக் குறிக்கும். தானியால் (அலை) சொன்ன ஹபூலாவுக்கு இது மிக நெருங்கிய உறவு.

கவனியுங்கள். பாபிலோனிலும் இச்சொல் வெறும் விதி மீறலைக் குறிக்கவில்லை. அதற்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவன் வலியவன், மற்றவன் எளியவன். வலிமையின் பக்கத்திலிருந்து எளிமையின்மேல் வந்து விழும் கேடே ஃகபாலு.

அக்காதிய மொழியில் 'ஃகுபுல்லு' என்று மற்றொரு சொல் உண்டு. வட்டிக்கு வாங்கிய கடன் என்பது அதன் பொருள். பாபிலோனில் எழுத்துக் கற்ற மாணவர்கள் மனனம் செய்த மிகப் பெரிய சொற்பட்டியல் ஒன்று, வட்டிக்கடனைக் குறிக்கும் சுமேரியச் சொல்லையும் இந்த ஃகுபுல்லுவையும் முதல் வரியாகக் கொண்டு தொடங்குவதால், அந்த நூலே இப்பெயரால் வழங்குகின்றது. அச்சொல் பிற்கால யூத அரமேயத்தில் 'ஹிபூல்யா' என்று நுழைந்து வட்டியைக் குறித்தது. தீங்கைக் குறிக்கும் வேரும் வட்டிக்கடனைக் குறிக்கும் வேரும் ஒன்றா, இரண்டா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எனினும், வட்டியால் நலிந்தவன் காதில் அவ்விரு சொற்களும் ஒன்றாகவே ஒலித்திருக்கும்.

இங்கே ஒரு வியப்பான பொருத்தத்தையும் குறிப்பிட வேண்டும். ஹம்முராபியின் அந்தக் கல் பாபிலோனில் கிடைக்கவில்லை. கி.மு. 12-ஆம் நூற்றாண்டில் ஏலாம் நாட்டு அரசன் ஒருவன் அதைக் கொள்ளைப் பொருளாகத் தன் தலைநகரான ஸூஸாவுக்கு எடுத்துச் சென்றான். 1901-02-இல் பிரெஞ்சு அகழ்வாய்வாளர்கள் அங்கேதான் அதைத் தோண்டி எடுத்தனர். இன்று அது பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்த ஸூஸா இன்றைய ஈரானிலுள்ள ஷூஷ் நகரம். தானியால் (அலை) அவர்களின் அடக்கத்தலம் என்று மக்கள் நூற்றாண்டுகளாகச் சென்று தரிசிக்கும் இடமும் அதே ஷூஷ் நகரில்தான் இருக்கின்றது. எளியவனுக்குத் தீங்கு நேராதிருக்க என்று எழுதிய கல்லும், நான் தீங்கு செய்ததில்லை என்று சொன்னவரின் பெயர் தாங்கிய அடக்கத்தலமும் ஒரே ஊரில் இருந்தன.

அந்நிலப்பகுதி கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் வெற்றி கொள்ளப்பட்டது. துஸ்தர் நகரில் ஒரு பேழையில் ஒரு பெரியவரின் உடல் பாதுகாக்கப்பட்டிருந்ததையும், அது தானியாலின் உடல் என்று அவ்வூரார் கூறியதையும் இப்னு கஸீர் தம் வரலாற்றில் எடுத்துக் காட்டுகின்றார். பகலில் பதின்மூன்று குழிகள் வெட்டி, இரவில் ஒன்றில் அடக்கம் செய்து, யாரும் தோண்டாதபடி அனைத்தையும் சமப்படுத்தினார்கள் என்பது அச்செய்தி. இரு சிங்கங்களுக்கு நடுவில் ஒரு மனிதர் நிற்பதாகவும், அவை அவரை நக்குவதாகவும் பொறிக்கப்பட்ட மோதிரம் ஒன்றைப் பற்றியும் அவர் குறிப்பிடுகின்றார். உடல் தானியால் (அலை) அவர்களுடையதா, வேறொரு நல்லடியாருடையதா என்ற வினாவை அவரே எழுப்புகின்றார். அது எவ்வாறாயினும், சிங்கக் குழியின் நினைவு முஸ்லிம் வரலாற்று நூல்களிலும் இடம்பெற்றது என்பது தெளிவு.

ஒரு புள்ளியின் தூரம்

இனி அரபு மொழிக்கு வருவோம். இங்கே நம் பிள்ளைகள் மதரஸாவில் முதன்முதலாகக் கற்கும் எழுத்துகளே நமக்குத் துணை.

'ஹா'வும் 'ஃகா'வும் வடிவில் ஒன்று. மேலே வைக்கும் ஒரு புள்ளிதான் வேறுபாடு. ஆதியில் இக்குடும்பத்து மொழிகளில் இவ்விரண்டும் தனித்தனி ஒலிகளாக இருந்தன. ஹீப்ருவும் அரமேயமும் காலப்போக்கில் அவற்றை ஒன்றாக்கி, 'ஹேத்' என்னும் ஒரே எழுத்தால் எழுதின. அதனால் அம்மொழிகளில் கயிறும் கேடும் ஒரே மூன்று எழுத்துகளால் எழுதப்பட்டன. ஹீப்ருவில் கயிற்றுக்கும் அடைமானத்துக்கும் அழிவுக்கும் எழுத்து ஒன்றே. நெகேமியா தம் மக்களின் பாவத்தை இறைவனிடம் அறிக்கையிடும்போது கையாளும் ஹீப்ருச் சொல்லும் இவ்வெழுத்துகளால் ஆனதே. படிப்பவர் இடம் நோக்கித்தான் பொருள் கொள்ளவேண்டும்.

அரபு மொழியோ இரண்டு ஒலிகளையும் இன்றுவரை காத்து வைத்துள்ளது. 'ஹப்ல்' என்றால் கயிறு. 'ஃகப்ல்' என்றால் கேடு. அக்காதியமும் இதற்குச் சாட்சி. அங்கே கயிறு 'எப்லு' என்று தேய்ந்தது; கேடு 'ஃகபாலு' என்று நிலைத்தது. ஆகவே இவை தொடக்கத்திலேயே இரு வேறு சொற்கள். எழுத்துதான் அவற்றை ஒன்றாகக் காட்டியது. ஹபூலா, புள்ளி வைத்த 'ஃகா'வின் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஆலஇம்ரான் அத்தியாயத்தில் இவ்விரு சொற்களும் பதினைந்து வசன இடைவெளியில் வருகின்றன. 103-ஆம் வசனம், அனைவரும் ஒன்றுசேர்ந்து அல்லாஹ்வின் கயிற்றைப் பற்றிப் பிடிக்கும்படியும் பிரிந்துவிடாதிருக்கும்படியும் கூறுகின்றது. அங்கே வருவது 'ஹப்ல்'. 118-ஆம் வசனம், உங்களுக்குக் கேடு விளைப்பதில் சற்றும் குறைவைக்காதவர்களை, வாயிலிருந்தே வெறுப்பை வெளிப்படுத்தியவர்களை, அந்தரங்க நண்பர்களாக்கிக் கொள்ளாதீர்கள் என எச்சரிக்கின்றது. அங்கே வருவது 'ஃகபால்'. ஒன்று இணைக்கும் கயிறு; மற்றொன்று சிதைக்கும் கேடு. இடையில் இருப்பது ஒரு புள்ளி.

ஃகபால் திருமறையில் மீண்டும் ஒருமுறை, அத்தவ்பா அத்தியாயத்தின் 47-ஆம் வசனத்தில் வருகின்றது. ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டின் தபூக் பயணத்தில் பின்தங்கிய நயவஞ்சகர்களைப் பற்றியது அது. அவர்கள் உங்களுடன் வந்திருந்தாலும் ஃகபாலைத்தான் அதிகப்படுத்தியிருப்பார்கள் என்பது அதன் கருத்து. இரண்டு இடங்களிலும் பகைவனின் வாளைப் பற்றிய பேச்சில்லை. ஒன்றாயிருக்கும் ஒரு சமூகத்தை உள்ளிருந்து குலைக்கும் கேட்டைப் பற்றியே பேச்சு.

சொல்லாய்வில் சிறந்த ராகிப் இஸ்ஃபஹானீ, உயிருள்ள ஒன்றைத் தாக்கி, பைத்தியத்தைப் போலவும் சிந்தனையைப் பாதிக்கும் நோயைப் போலவும் நிலைகுலைவை உண்டாக்கும் கேடே ஃகபால் என்று விளக்கினார். புத்தி பேதலித்தவனை அரபுகள் 'மஃக்பூல்' என்பர். உடலுறுப்பின் சேதத்தை 'ஃகப்ல்' என்பர். யாப்பிலக்கணம் வகுத்தோர்கூட, ஒரு சீரின் இரண்டு இடங்களில் எழுத்து குறைந்து அது ஊனப்பட்டுவிட்டால், அக்குறைக்கு ஃகப்ல் என்றே பெயரிட்டனர். உடலானாலும் அறிவானாலும் செய்யுளானாலும், முழுமையாக இருந்த ஒன்று பழுதுபடுவதே எங்கும் நிற்கும் பொருள்.

நபிமொழியில் அச்சொல் நீதிமன்றத்துக்கே திரும்பி வருகின்றது. கொலையாலோ ஃகப்லாலோ, அதாவது உடற்காயத்தாலோ, பாதிக்கப்பட்டவருக்கு மூன்று வழிகள் உண்டு. பழிக்குப் பழி கோரலாம், மன்னிக்கலாம், ஈட்டுத்தொகை பெறலாம் என்னும் கருத்துள்ள ஹதீஸ் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. இங்கே தெரிவு யாருடையது என்பதை நோக்குக. அரசனுடையதன்று, ஊறுபட்டவருடையது, அல்லது அவருடைய உறவினருடையது. பாபிலோனில் ஹம்முராபி எளியவனுக்காகப் பேசினான். இங்கே ஊறுபட்டவர் தாமே பேசுகின்றார்.

சொல் சொல்லும் நீதி

ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுப் பயணத்தை ஒரு சொல்லின் வழியே கடந்து வந்தோம். பாபிலோனின் கல்லில் அது வலியவன் எளியவனுக்குச் செய்யும் அநீதி. பாரசீக அரசனின் கடிதத்தில் கருவூல இழப்பு. தானியால் (அலை) அவர்களின் வாயில், தாம் செய்யாத தீங்கு. திருமறையில் சமூகத்தைக் குலைக்கும் கேடு. நபிமொழியில் மனித உடலில் பட்ட காயம். இடந்தோறும் நிறம் மாறினாலும், ஒன்று மாறவில்லை. இச்சொல் குற்றத்தை, ஊறுபட்டவரின் பக்கத்திலிருந்தே அளக்கின்றது.

இது சிறிய செய்தியன்று. சட்டத்தை மீறியவன் எல்லாம் குற்றவாளி என்று அரசுகள் சொல்லும். சட்டத்தை மீறாதவன் எல்லாம் நல்லவன் என்று நாம் நம்மைத் தேற்றிக்கொள்வோம். தானியால் (அலை) சட்டத்தை மீறினார், ஹபூலா செய்யவில்லை. அவரைக் குழியில் போட்டவர்கள் எழுத்துக்கு எழுத்து சட்டத்தைக் காத்தனர், ஹபூலா செய்தனர். இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் வகுத்த ஐந்து பெருவிதிகளுள், தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பதையும் ஒன்றாக வைத்தது ஏன் என்பது இங்கே விளங்கும்.

நம் இல்லங்களுக்கும் இச்சொல் ஒரு கேள்வியைக் கொண்டு வருகின்றது. தந்தை விட்டுச்சென்ற வீட்டில் சகோதரிக்குரிய பங்கை, அவளாகவே விட்டுக்கொடுத்தாள் என்று ஒரு தாளில் கையொப்பம் வாங்கி, பத்திரத்தைச் செம்மையாக முடித்துக்கொள்பவர் உண்டு. பத்திரத்தில் பிழையில்லை, பதிவாளரின் முத்திரையும் இருக்கின்றது. சிங்கக் குழியின் வாயில் வைத்த கல்லிலும் முத்திரை இருந்தது. அவள் மனமுவந்து கொடுத்தாளா, வாய்திறக்க இயலாமல் கொடுத்தாளா என்பதை அந்த முத்திரை அறியாது.

தொழுகையோடும் நோன்போடும் ஸக்காத்தோடும் மறுமையில் வந்து நிற்கும் ஒருவர், பிறரைத் திட்டியதற்கும் அவதூறு கூறியதற்கும் பொருளைத் தின்றதற்கும் அடித்ததற்கும் ஈடாகத் தம் நன்மைகளை எல்லாம் பறிகொடுத்து வறியவராவார் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை முஸ்லிமில் காண்கிறோம். தானியால் (அலை) இரண்டு கணக்குகளை ஒப்புவித்தார் என்று முன்னே கண்டோம். இறைவனுக்குரிய கணக்கில் தூய்மை இருந்தால் மட்டும் போதும் என்று அவர் எண்ணவில்லை. தம்மைக் குழியில் தள்ளிய அரசனுக்கேகூட, நான் உமக்குத் தீங்கு செய்யவில்லை என்று சொல்லக்கூடியவராக இருந்தார்.

நம்மோடு வாழ்ந்தவர்கள், நம்மிடம் வேலை செய்தவர்கள், நம்மோடு பிறந்தவர்கள் ஆகியோரின் முகம் பார்த்து அந்த ஒரு வாக்கியத்தை நம்மால் சொல்ல முடியுமா என்று ஒவ்வொருவரும் தம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. சொல்ல முடியாதவர்கள், ஊறுபட்டவரைத் தேடிச் சென்று ஈடு செய்துகொள்ளக் காலம் இன்னும் இருக்கின்றது.